கிர்கிஸ்தான்: கொடி, சின்னம், ஆட்சி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோவியத் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு 'கிர்கீசியா' பழகிய பெயர். இன்றைய தலைமுறைக்கோ அது மருத்துவம் படிக்கப் போகிற நாடு. பிஷ்கெக்கிலும் ஓஷிலும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் படங்களில் சிவப்புக் கொடி, வெள்ளைத் தொப்பி, குதிரை மேல் ஒரு வீரன் சிலை எல்லாம் வரும். வீட்டில் இருப்பவர்கள் "அது என்ன?" என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கிர்கிஸ்தானா, கிர்கிஸ் குடியரசா? எது சரியான பெயர்?

இரண்டும் சரி. பேச்சில் கிர்கிஸ்தான். 1993ஆம் ஆண்டு அரசியலமைப்பு வந்ததிலிருந்து அரசு ஆவணங்களில் 'கிர்கிஸ் குடியரசு'. சோவியத் ஒன்றியத்திலிருந்து பிரிந்து விடுதலை அறிவித்த நாள் 1991 ஆகஸ்ட் 31. அதுவே சுதந்திர தினம். பரப்பு ஏறக்குறைய 2 லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மலை. மக்கள்தொகை 70 லட்சத்தைத் தாண்டியிருக்கிறது.

கொடியின் நடுவில் பந்து மாதிரி ஏதோ இருக்கிறதே, அது என்ன?

பந்து இல்லை, கூரை. கிர்கிஸ் மேய்ச்சல்காரர்கள் கோடையில் மலைப் புல்வெளிகளுக்கு ஏறும்போது போடும் வட்டக் கூடாரத்தை வெளியுலகம் யூர்த் என்கிறது. அதன் உச்சியில் மரத்தை வளைத்துச் செய்த ஒரு வளையம் இருக்கும். அதன் குறுக்கே வளைவான சட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிப் போகும். அடுப்புப் புகை வெளியே போவதும் வெளிச்சம் உள்ளே வருவதும் அந்த வழியாகத்தான். அந்த வளையத்தின் பெயர் துந்துக். கூடாரத்துக்குள் மல்லாந்து படுத்து மேலே பார்த்தால் என்ன தெரியுமோ, அதைத்தான் கொடியில் வரைந்திருக்கிறார்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கூடாரத்தைப் போர்த்தும் கம்பளி நைந்துபோகும், சுவர்த் தட்டிகள் உடையும், அவற்றை மாற்றிக்கொள்ளலாம். துந்துக் மட்டும் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும். நம் ஊரில் வீட்டை இடித்துக் கட்டினாலும் பழைய நிலைக்கதவைப் பத்திரப்படுத்துகிறவர்கள் உண்டல்லவா, ஏறக்குறைய அந்த மாதிரி. எத்தனையோ நாட்டுக் கொடிகளில் நட்சத்திரத்தையும் பிறையையும் பார்த்திருக்கிறோம். குடியிருக்கும் வீட்டின் ஒரு பாகத்தையே கொடியில் வைத்தவர்கள் மிகக் குறைவு. எனக்கு இந்தக் கொடி பிடித்துப்போனதே இதனால்தான்.

சூரியனுக்கு ஏன் சரியாக 40 கதிர்கள்?

40 பழங்குடிகளை மனாஸ் என்ற வீரன் ஒன்று சேர்த்தான் என்பது மரபு. ஒரு குடிக்கு ஒரு கதிர். கிர்கிஸ் மொழியில் 'கிர்க்' என்றால் நாற்பது. 'கிர்கிஸ்' என்ற பெயரே அதிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். நாற்பது பெண்களின் வழியில் வந்தவர்கள் என்று இன்னொரு கதையும் உண்டு. இரண்டையும் கதையாகவே எடுத்துக்கொள்வது நல்லது. கொடியின் சிவப்பு மனாஸின் கொடி நிறம் என்கிறார்கள். சோவியத் காலக் கொடியும் சிவப்புதான். அதன் குறுக்கே நீலமும் வெள்ளையுமாகப் பட்டைகள் ஓடின. ஆக, விடுதலைக்குப் பிறகும் நிறம் மாறவில்லை, அதற்குச் சொன்ன காரணம் மாறியது.

இணையத்தில் இரண்டு விதமான கொடி கிடைக்கிறது. எது சரி?

கதிர்கள் நேராக இருப்பதுதான் இப்போதைய கொடி. 1992 மார்ச் 3 அன்று ஏற்றுக்கொண்ட பழைய கொடியில் அவை அலை அலையாக நெளிந்திருக்கும்.

மாற்றியதற்குச் சொன்ன காரணம் சுவாரசியமானது. நெளிந்த கதிர்களோடு பார்த்தால் அது சூரியன் மாதிரி இல்லை, சூரியகாந்திப் பூ மாதிரி இருக்கிறது என்று குறை சொன்னார்கள். கிர்கிஸ் மொழியில் அந்தப் பூவுக்குப் பெயர் 'குன்கரமா', அதாவது சூரியனைப் பார்த்திருப்பது. அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: பிறர் கையை எதிர்பார்த்து நிற்பவன், காற்றடிக்கும் பக்கம் சாய்பவன். கொடியில் இப்படி ஒரு பூ இருக்கும்வரை நாடு எப்படி உருப்படும் என்று வாதிட்டார்கள். நாடாளுமன்றத் தலைவரே முன்னின்று கொண்டுவந்த மசோதா இது. அதிபர் சாதிர் ஜபாரோவ் 2023 டிசம்பரில் கையெழுத்திட்டார். பொதுவாக்கெடுப்பு எதுவும் நடத்தவில்லை.

எதிர்ப்பும் இருந்தது. முப்பது வருடமாகப் பறந்த கொடி, அதைப் போர்த்திக்கொண்டு விளையாட்டு வீரர்கள் பதக்கம் வாங்கியிருக்கிறார்கள், இப்போது எதற்கு மாற்ற வேண்டும் என்று பலர் கேட்டார்கள். எதிர்த்துக் கூட்டம் கூட அழைப்பு விடுத்த ஒருவர் கைதும் ஆனார். என்னைக் கேட்டால், பழைய கதிர்களில் ஓர் அசைவு இருந்தது. புதியதில் ஒழுங்கு கூடியிருக்கிறது, உயிர் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அது ரசனை. கையெழுத்து இருப்பது புதியதில்தான், ஆகவே பள்ளிச் செயல்திட்டத்துக்குப் படம் எடுப்பவர்கள் நேர்க்கதிர் உள்ளதையே எடுங்கள்.

அரசுச் சின்னத்தில் இருப்பது கழுகா?

இல்லை, வல்லூறு. அக் ஷும்கார் என்று பெயர். 'அக்' என்றால் வெள்ளை. மனாஸின் வேட்டைப் பறவை அது. 1994 ஜனவரியில் ஏற்கப்பட்ட இந்தச் சின்னம் ஒரு நீல வட்டம். கீழே இறக்கை விரித்த வல்லூறு, அதன் பின்னால் இஸிக்-குல் ஏரி, ஏரிக்கு அப்பால் அலா-தூ பனிமலைகள், மலைக்குப் பின்னிருந்து எழும் சூரியன். இருபுறமும் கோதுமைக் கதிரும் பருத்தியும். மேலே 'கிர்கிஸ்', கீழே 'குடியரசு' என்று எழுதியிருக்கும்.

மலை, எழும் சூரியன், கோதுமை, பருத்தி எல்லாம் சோவியத் காலச் சின்னத்திலேயே இருந்தவை. அரிவாள் சுத்தியலை எடுத்துவிட்டுப் பறவையையும் ஏரியையும் வைத்தார்கள். இஸிக்-குல் என்றால் 'சூடான ஏரி'. கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் இருந்தும் குளிர்காலத்தில் உறைவதில்லை.

தேசிய கீதம் பற்றி?

1992 டிசம்பர் 18 அன்று ஏற்கப்பட்டது. பனி மூடிய பாறைகளும் வயல்வெளிகளும் எங்கள் மக்களின் உயிருக்குச் சமம் என்று தொடங்கும். 2012இல் இதன் ஒரு சரணத்தை நீக்கிவிட்டார்கள். மெட்டில் சோவியத் வாடை அடிக்கிறது, புதிதாக எழுத வேண்டும் என்ற பேச்சு கொடி மாற்றத்துக்குப் பிறகு நாடாளுமன்றத் தரப்பிலிருந்தே எழுந்தது.

எதைக் கேட்டாலும் மனாஸ் என்கிறீர்களே, அவர் உண்மையில் வாழ்ந்தவரா?

காவிய நாயகன். வாய்மொழியாக வந்த காவியம் அது. மனாஸ், அவன் மகன் செமெதெய், பேரன் செய்தெக் என மூன்று தலைமுறைக் கதை. இதைப் பாடுபவர்களை மனாஸ்ச்சி என்பார்கள். கையில் வாத்தியம் எதுவும் இல்லாமல், உட்கார்ந்தபடி, குரலாலும் கையசைவாலும் மணிக்கணக்கில் பாடுவார்கள். சயக்பாய் கரலாயெவ் என்ற மனாஸ்ச்சி பாடியதை எழுதி எடுத்தபோது 5 லட்சம் வரிகளைத் தாண்டியது. 2013இல் யுனெஸ்கோ இந்தக் காவியத்தைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

வாழ்ந்தாரா என்ற கேள்விக்கு வரலாற்றுச் சான்று கேட்டால் கையை விரிக்க வேண்டியதுதான். ஆனால் தலாஸ் பள்ளத்தாக்கில் அவருடையது என்று சொல்லும் சமாதி மண்டபம் இருக்கிறது. பிஷ்கெக் விமான நிலையத்துக்கும் அவர் பெயர். 1995இல் காவியத்தின் ஆயிரமாவது ஆண்டு விழாவையும் அரசு கொண்டாடியது. எழுபது ஆண்டுகள் ஒன்றியத்தின் ஒரு மூலையாக இருந்துவிட்டுத் திடீரென்று தனி நாடானவர்களுக்கு எல்லாக் குடிகளும் ஒப்புக்கொள்ளும் ஓர் ஆள் தேவைப்பட்டது. வாழும் அரசியல்வாதிகளில் அப்படி யாரும் இல்லை.

அங்கே அதிபர் ஆட்சியா, நாடாளுமன்ற ஆட்சியா?

எந்த வருடம் என்று சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். கேலி இல்லை, உண்மையிலேயே அப்படித்தான்.

1993 அரசியலமைப்போடு தொடங்கியபோது அதிபர் அஸ்கார் அகாயெவ். இயற்பியல் அறிஞர். அண்டை நாடுகளைப் பழைய கட்சித் தலைவர்கள் ஆண்டுகொண்டிருக்க, இங்கே ஒரு விஞ்ஞானி வந்தது பெரிய நம்பிக்கையாக இருந்தது. போகப் போக அதிகாரத்தைத் தன் பக்கம் இழுத்தார், குடும்பத்தார் கை ஓங்கியது. 2005 மார்ச் 24 அன்று மக்கள் அரசு மாளிகைக்குள் புகுந்தார்கள். அவர் ரஷ்யாவுக்குப் போய்விட்டார். இதற்கு 'துலிப் புரட்சி' என்று பெயர் வந்தது.

அடுத்து வந்த குர்மான்பெக் பாகியெவும் அதே வழியில் போனார். 2010 ஏப்ரலில் மறுபடி எழுச்சி, துப்பாக்கிச் சூடு, எண்பதுக்கும் மேற்பட்டோர் பலி. அவர் பெலாருஸில் தஞ்சம் புகுந்தார். அந்த ஆண்டு ஜூனில் தெற்கே ஓஷ், ஜலால்-அபாத் பகுதிகளில் கிர்கிஸ்களுக்கும் உஸ்பெக்குகளுக்கும் இடையே கலவரம் வெடித்து 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ரத்தம் காயும் முன்பே, ஜூன் 27 அன்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. ஒரே ஆளிடம் அதிகாரம் குவிந்ததால்தான் இத்தனை கேடு என்று சொல்லி, அதிபரின் கையைக் கட்டி நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்தார்கள். அதிபருக்கு 6 ஆண்டு, ஒரே ஒரு முறை. இடைக்கால அதிபராக இருந்தவர் ரோஸா ஒதுன்பாயெவா. மத்திய ஆசியாவிலேயே அதிபரான முதல் பெண். சொன்னபடி 2011 முடிவில் இறங்கிப் போனார்.

அப்புறம் அல்மாஸ்பெக் அதம்பாயெவ் பதவிக்காலம் முடித்து 2017இல் சூரோன்பாய் ஜீன்பெகோவிடம் ஒப்படைத்தார். ஒப்படைத்த இரண்டே வருடத்தில் அதம்பாயெவின் வீட்டையே முற்றுகையிட்டு அவரைக் கைது செய்தார்கள். 2020 அக்டோபர் 4 அன்று நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுக்குக் காசு கொடுத்தார்கள் என்று கொந்தளிப்பு. மறுநாள் இரவே மக்கள் மாளிகைக்குள் ஏறினார்கள். தேர்தல் ரத்து. சிறையில் இருந்த சாதிர் ஜபாரோவை ஆதரவாளர்கள் வெளியே கொண்டுவந்தார்கள். பத்து நாளுக்குள் அவர் பிரதமர், அதற்கு அடுத்த நாள் பொறுப்பு அதிபர். 2021 ஜனவரி தேர்தலில் முறைப்படி வென்றார்.

அந்தத் தேர்தலன்றே "அதிபர் ஆட்சி வேண்டுமா?" என்றும் கேட்டார்கள். வேண்டும் என்று பதில் வந்தது. 2021 ஏப்ரல் பொதுவாக்கெடுப்பில் புதிய அரசியலமைப்பு. ஆகவே இன்றைய நிலை அதிபர் ஆட்சிதான்: 5 ஆண்டுப் பதவிக்காலம், இரண்டு முறை நிற்கலாம், அமைச்சரவையை நடத்துவதும் அதிபரே.

பிரதமர் கிடையாதா?

'அமைச்சரவைத் தலைவர்' என்ற பதவி உண்டு. அவரே அதிபர் அலுவலகத்தின் தலைவராகவும் இருப்பார். இதிலிருந்தே அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்று புரிந்துவிடும்.

நாடாளுமன்றத்துக்கு எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

நாடாளுமன்றத்தின் பெயர் ஜோகொர்கு கெனெஷ், அதாவது உச்ச மன்றம். ஒரே அவை. அதன் தலைவருக்குத் தொராகா என்று பெயர். 2010 அரசியலமைப்பில் 120 இடங்கள் இருந்தன. 2021இல் 90 ஆகக் குறைத்தார்கள்.

2025இல் தேர்தல் சட்டத்தையும் மாற்றிவிட்டார்கள். கட்சிப் பட்டியல் முறை போய், நாட்டை 30 தொகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் 3 பேர் என்று வைத்தார்கள். அந்த மூவரில் ஒரே பாலினத்தவர் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது, தொகுதிக்கு ஒரு பெண்ணாவது கட்டாயம். அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று முன்கூட்டியே நடந்த தேர்தல் இந்த முறையில்தான் நடந்தது. நல்ல ஏற்பாடு என்பேன், கட்சிகளுக்கு இடம் சுருங்கியது என்ற குறையையும் சேர்த்துக்கொண்டுதான். வாக்குச்சீட்டில் 'யாருக்கும் இல்லை' என்ற வாய்ப்பும் உண்டு. நம் நோட்டா மாதிரி.

குருல்தாய், அக்சகால் என்றெல்லாம் செய்திகளில் வருகிறதே?

குருல்தாய் என்பது புல்வெளி மக்களின் பழைய மகாசபை. 2021 அரசியலமைப்பு அதை 'மக்கள் குருல்தாய்' என்ற பெயரில் உள்ளே கொண்டுவந்தது. ஆலோசனை சொல்லலாம், யோசனை கொடுக்கலாம், அவ்வளவுதான்.

அக்சகால் என்றால் வெண்தாடி. ஊர்ப் பெரியவர் என்று பொருள். சொத்துத் தகராறு, குடும்பச் சண்டை மாதிரியான சின்ன வழக்குகளைத் தீர்க்க 'அக்சகால் நீதிமன்றம்' என்றே சட்டப்படி ஒன்று இருக்கிறது. ஆலமரத்தடிப் பஞ்சாயத்துக்குச் சட்டத்தில் இடம் கொடுத்தது போல.

பிஷ்கெக்கில் குதிரை மேல் இருப்பது மனாஸ்தானே? அங்கே முன்பு லெனின் இருந்தாராமே?

ஆமாம். அலா-தூ சதுக்கத்தில் சிலை மாறிய வரிசையைத் தெரிந்துகொண்டாலே போதும், நாட்டு வரலாறு பாதி வந்துவிடும். முதலில் லெனின். 2003இல் அவரைப் பெயர்த்து அருங்காட்சியகத்துக்குப் பின்புறம் வைத்தார்கள், உடைக்கவில்லை. அவர் இடத்தில் 'எர்கிந்திக்', அதாவது விடுதலை, என்று இறக்கையுள்ள ஒரு பெண் சிலை. அவள் உயர்த்திய கையில் இருந்தது துந்துக். பெண் கையில் துந்துக்கா, அபசகுனம் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. 2005, 2010 எழுச்சிகளுக்குப் பிறகு முணுமுணுப்பு கூடியது. 2011இல் அவளையும் இறக்கிவிட்டு மனாஸை ஏற்றினார்கள். ஆண்கள் செய்த ஊழலுக்கு அந்தச் சிலை மேல் பழி.

ஓஷ் நகரில் இருந்த லெனின், மத்திய ஆசியாவிலேயே உயரமான லெனின் சிலை. அதை 2025 ஜூனில்தான் கீழே இறக்கினார்கள். பிஷ்கெக்கின் அலா-தூ சதுக்கத்தில் கொடிமரத்தின் கீழ் நிற்கும் காவல் வீரர்கள் மாறுவதையும் பார்க்கலாம், படம் எடுக்கலாம்.

ரூபாய்த் தாளில் யார் இருக்கிறார்கள்?

பணத்தின் பெயர் சோம். 1993 மே 10 அன்று வந்தது. ரஷ்ய ரூபிளை விட்டுவிட்டுச் சொந்தப் பணம் அச்சிட்டதில் மத்திய ஆசியாவில் இவர்களே முதல். சோம் தாள்களில் அரசர்களையோ அதிபர்களையோ தேடினால் ஏமாந்துபோவீர்கள். 100 சோமில் தொக்தொகுல் என்ற பாணர், 200இல் ஒரு கவிஞர், 500இல் மேலே சொன்ன மனாஸ்ச்சி கரலாயெவ், 1000இல் 11ஆம் நூற்றாண்டுப் புலவர் ஜூசுப் பலசகுன், 5000இல் ஒரு திரைப்பட நடிகர். அரசியலுக்கு அருகில் வருபவர் 50 சோமில் இருக்கும் குர்மான்ஜான் தத்கா. தெற்கே அலாய் மலைப்பகுதியை 19ஆம் நூற்றாண்டில் ஆண்ட பெண் இவர். ரஷ்யப் படை வந்தபோது, வெல்ல முடியாத போரில் மக்களைச் சாகவிடாமல் பணிந்து போனார். அதற்காக இன்றும் மதிக்கிறார்கள்.

ரஷ்ய மொழி தெரிந்தால் போதுமா?

பிஷ்கெக்கில் சமாளிக்கலாம். சட்டப்படி கிர்கிஸ் அரச மொழி, ரஷ்யன் ஆட்சி மொழி. அதிபர் தேர்தலில் நிற்பவர்கள் கிர்கிஸ் மொழித் தேர்வு எழுதித் தேற வேண்டும். இரண்டு மொழிக்கும் சிரிலிக் எழுத்துதான், கிர்கிஸில் மூன்று எழுத்துகள் கூடுதல்.

அந்த உயரமான வெள்ளைத் தொப்பி தேசியச் சின்னமா?

கொடி, சின்னம், கீதம் போல அல்ல, ஆனால் மதிப்பு அதற்குக் குறைந்ததும் அல்ல. பெயர் அக்கல்பாக். வெள்ளைக் கம்பளியை அழுத்திச் செய்வது. நான்கு மடிப்பும் உச்சியுமாகப் பனிமலை போலவே இருக்கும். 2019இல் இதைச் செய்யும் கலை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மார்ச் 5 அக்கல்பாக் தினம், கொடி தினமான மார்ச் 3க்கு இரண்டு நாள் கழித்து. யாராவது பரிசாகக் கொடுத்தால் தரையில் போடாதீர்கள், விளையாட்டாகத் தூக்கி எறியாதீர்கள்.

கஜகஸ்தான் சின்னத்திலும் இதே வளையத்தைப் பார்த்தேனே?

சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். அவர்களும் கூடார மக்களே. அங்கே அதற்கு ஷங்கிராக் என்று பெயர். அவர்கள் அதை அரசுச் சின்னத்தில் வைத்தார்கள், இவர்கள் கொடியில். கஜகஸ்தான் கொடி வான நீலம், சூரியனுக்குக் கீழே கழுகு. குழப்பம் வராது.

பிஷ்கெக் என்றால் என்ன?

குதிரைப்பாலைப் புளிக்க வைத்துக் கடையும் மத்துக்கு அங்கே அந்தப் பெயர். ஊர்ப்பெயர் அதிலிருந்து வந்தது என்பது ஒரு விளக்கம். தலைநகரத்துக்கு மத்து என்று பெயர் வைத்தவர்கள் வேறு யாராவது இருக்கிறார்களா தெரியவில்லை. 1926 முதல் 1991 வரை சோவியத் தளபதி ஒருவர் பெயரால் ஃப்ரூன்ஸே என்று அழைத்தார்கள்.

'துந்துக் செயலி' என்கிறார்களே, கொடிக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

பெயர்தான் தொடர்பு. அரசு அலுவலகங்களின் தகவல் தொகுப்புகளை ஒன்றோடொன்று இணைக்க எஸ்டோனியாவின் தொழில்நுட்பத்தை வைத்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். அதற்குத் துந்துக் என்று பெயரிட்டார்கள். கூடாரத்தின் கழிகள் எல்லாம் சுற்றிலும் இருந்து வந்து அந்த ஒரு வளையத்தில்தானே செருகி நிற்கின்றன, அந்தக் கணக்கு. அடையாள அட்டை, ஓட்டுநர் உரிமம் எல்லாம் கைப்பேசியில் அந்தச் செயலிக்குள் வந்துவிட்டன. அக்சகால்கள் உட்பட எல்லோரும் இப்போது அதைத்தான் திறந்து காட்டுகிறார்கள்.